பெரிய வெள்ளியில் அக்காவின் அடுப்பு

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா பெரிய வெள்ளிக்கிழமையில் அடுப்பு மூட்டுவதில்லை. நோன்புக்காக அல்ல, நோன்பு இருப்பவர்களும் ஒரு நேரம் சமைத்துச் சாப்பிடத்தான் செய்வார்கள். எங்கள் ஆட்களிடம், பிரேதம் எடுக்கும்வரை செத்த வீட்டில் சமைக்கமாட்டார்கள், உறவினர்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அக்கா அந்த ஒழுங்கைப் பெரிய வெள்ளிக்கு எடுத்துக்கொண்டாள். அதனால் ஒவ்வொரு வருடமும் அன்று காலையில் நான் வெள்ளவத்தையில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

அவளுடைய ஒரே மகன், போரின் கடைசிக் காலத்தில், வேலைக்குப் போகும் வழியில் வான் வண்டியொன்றில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டான். அதன்பின் தகவல் இல்லை. உடல் இல்லை, கல்லறை இல்லை. நீண்ட காலம் அக்கா அவனுடைய சட்டைகளைத் தோய்த்து அயர்ன் பண்ணி அலுமாரியில் அடுக்கினாள். முன்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடமாட்டாள். கதவைத் திறக்க அவனிடம் திறப்பு இருந்தது.

பிறகு ஒரு பெரிய வெள்ளியன்று கோவிலில் ஆண்டவரின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தினார்கள். வரிசையில் நின்று அதன் காலை முத்தமிட்ட அக்கா, அங்கேயே தரையில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுவதுபோல் அழுதாள். வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அடுத்த வருடத்திலிருந்து பெரிய வெள்ளிக்கு வெள்ளைச் சேலையும் அணைந்த அடுப்பும்தான். அது என் மருமகனின் அடக்கம் என்று எங்களுக்குள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நான் கோவிலுக்குப் போவதை விட்டுப் பல காலமாகிறது. ஆனாலும் இயேசுவைப் பற்றி வாசிப்பதை விட முடியவில்லை. பம்பலப்பிட்டியில் பழைய புத்தகக் கடையொன்றில் அவரைப் பற்றிய சரித்திர நூல் ஒன்று கிடைத்தது. எனக்கு எதையும் பிரித்து வைத்தால்தான் விளங்கும். நிச்சயமானதற்குப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு, தெரியாததற்குக் கேள்விக்குறி. ஞானஸ்நானம் பெற்றது, கலிலேயாவில் போதித்தது, ரோம ஆளுநரின் கட்டளையில் கொல்லப்பட்டது: கோடு. பிறப்பைப் பற்றிய கதைகள்: கேள்விக்குறி.

சின்ன வயதில் கட்டிலருகில் முழந்தாளிட்டு நான் கதைத்த ஆள் அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. பிடித்துக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட ஒருவர் இருந்தார். மற்றவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று தெருவோரத்தில் கொல்வார்கள் என்று எழுதியிருந்தது. அந்த ஊர் எனக்குத் தெரியாத ஊராகப் படவில்லை.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்தைய தபசு காலத்தில் அக்கா கண் கிளினிக்குக்கு வந்தவள் என் வீட்டில் தங்கினாள். மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள்.

"என்னடா தம்பி, வாத்தியார் மாதிரிப் பென்சில் பிடிச்சு ஆண்டவரைத் திருத்திறாய்?"

"வாசிக்கேக்க குறிக்கிறனான், அக்கா."

"எவ்வளவு மார்க்ஸ் குடுத்தனீ? பாஸா?"

"கொல்லப்பட்டது நிச்சயம் எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுகினம்."

"அதைச் சொல்ல இவ்வளவு தடிப்பான புத்தகம் வேணுமே?"

சிரித்துக்கொண்டே இன்னும் புரட்டினாள். ஒரு படத்தில் நின்றாள். பாறையில் குடைந்த கல்லறை, பக்கத்தில் என் கேள்விக்குறி.

"கல்லறைக்கு ஏன் இந்தக் கொக்கி?"

சும்மா என்று சொல்லியிருக்கலாம். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வது என் பழக்கம்.

"சிலுவையில செத்த ஆக்களை ரோமர் அனேகமா வீட்டாரிட்டக் குடுக்கிறேல்லையாம். அப்பிடியே விடுவினமாம், இல்லாட்டிப் பொதுக் குழியில போடுவினமாம். ஆண்டவரை அடக்கம் செய்தது எண்டு சுவிசேஷம் சொல்லுது. அதை ஏற்கிற சரித்திரக்காரரும் இருக்கினம்."

"அப்ப தெரியாது."

"நிச்சயமாத் தெரியாது."

"மாதா சிலுவையடியில நிண்டு பாத்தவ தானே."

"அது ஒரு சுவிசேஷத்தில மட்டும்தான் இருக்கு, அக்கா."

அவள் புத்தகத்தை மூடி, நான் வைத்திருந்தபடியே மேசை விளிம்புக்கு நேராக வைத்தாள். தேத்தண்ணி போடட்டா என்று கேட்டாள்.

பெரிய வெள்ளியன்று வழக்கம்போலப் பார்சலோடு போனேன். படியேறும்போதே பருப்புக் கறியின் வாசனை வந்தது. பக்கத்து வீடாக்கும் என்று நினைத்தேன். அக்கா பூப்போட்ட சட்டையோடு காஸ் அடுப்புக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள்.

"கோவிலுக்குப் போகேல்லையா?"

"போவன். எல்லாரும் போற மாதிரி."

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது ஒரு பக்கம்தான். யோசிச்சுப் பாத்தா, அடக்கம் செய்திருப்பினம் எண்டுதான் எனக்கும் படுது."

"பென்சிலால போட்டதை வாயால அழிக்காத, தம்பி."

அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

"அவரையே எங்க வைச்சதெண்டு தெரியாதாம். நான் அவர்ர அடக்கத்தில என்ர பிள்ளையையும் சேத்து அடக்கம் பண்ணிட்டன். ஆரைக் கேட்டுப் பண்ணினனான்?"

நான் பார்சலைப் பிரித்தேன். அவளுடைய சோறும் நான் கொண்டுபோன இடியப்பமும் ஒரே மேசையில் இருந்தன. இரண்டிலும் கொஞ்சம் சாப்பிட்டோம். சுவரோரத்துக் கொடியில் ஆண் சட்டைகள் ஈரத்தோடு தொங்கின.

மத்தியானம் வெளிக்கிட்டேன். படியில் இறங்கும்போது பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காக அங்கேயே நின்றேன். கீழே தெருவில் சிலுவைப்பாதைக்குப் போகிற சனம் நிறைந்திருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். தாழ்ப்பாள் விழவில்லை.