வலென்சியாவில் வைத்த சஹன்

ஸ்பெயினுக்குப் போய் ஒரு பருவம் முழுக்க ஸ்பானிஷ் மொழியிலேயே வாழ்ந்து படிக்கப் போகிறேன் என்றபோது கல்முனையில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெரியவாப்பாவுக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. அவர் வாப்பாவின் மூத்த சகோதரர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்களில் ஒருவர், வாயைத் திறந்தால் தீர்ப்புத்தான்.

"ஸ்பானிஷ் படிச்சி என்னத்துக்கு? பொத்துவில்ல அலையில சறுக்க வாற வெள்ளைக்காரனோட கதைக்கவா?" என்று கேட்டார். கேட்ட மனுசனின் மகன் மலேசியாவில் வருசக்கணக்காக என்ன படிக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளை அல்லவா!

வாப்பா வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணனை மீறி என்னை அனுப்பினார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார். "நீ எப்பிடிப் போறியோ அப்பிடியே வரணும். உன்னப் பாத்துத்தான் தங்கச்சிட கதை."

தங்கச்சிக்கு மிருக வைத்தியம் படிக்க ஆசை. அந்தப் பீடம் மலைநாட்டில் இருக்கிறது, விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். நான் நல்ல பெயரோடு திரும்பினால் அவள் போகலாம். இல்லாவிட்டால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

வலென்சியாவில் அந்தப் பாடசாலையின் சட்டம் ஒன்றே ஒன்று. ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வாயில் வரக்கூடாது. என்னோடு படிக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் பகலில் நாலு ஸ்பானிஷ் சொல்லை மென்று துப்புவார்கள், பொழுது சாய்ந்தால் குடிக்கும் இடத்தில் இங்கிலீஷில் கத்துவார்கள். அவர்களுக்கு அது விடுமுறை. தாய்மொழியைத் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாத அதுகள்தான், மூன்று மொழியோடு போன எனக்கு, மொழி கற்கும் மனநிலை பற்றிப் புத்தி சொன்னதுகள்.

தங்குவதற்கு ஒரு வீடு தருவார்கள். அந்த வீட்டுக்காரி எழுதும் அறிக்கைக்குப் பாதிப் புள்ளி. எனக்கு வாய்த்த வீட்டுக்காரி பல் வைத்தியசாலையொன்றில் வரவேற்பில் இருப்பவள். நான் என்ன கேட்டாலும் செவிடியிடம் சொல்வதுபோல உரக்க, இழுத்து இழுத்துச் சொல்வாள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது.

ஒரு ஞாயிறு அவளுடைய குடும்பம் முழுக்க வந்தது. இறாலும் சோறும் சேர்த்து ஆக்கிய பெரிய தட்டைச் சட்டியை அப்படியே மேசை நடுவில் வைத்து, ஆளுக்கொரு கரண்டி கொடுத்தார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அல்லாஹ்வே, இந்த ஊரிலும் சஹன் இருக்கிறதே!

எங்கள் ஊரில் கலியாணம் என்றால் பெரிய தாலத்தில் சோற்றைக் கொட்டி, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுதான் சஹன். நல்ல இறைச்சித் துண்டு என் முன்னால் கிடந்தால் அதைப் பக்கத்தில் இருப்பவளின் பக்கம் தள்ளிவிட வேண்டும், அவள் எனக்கு ஒன்றைத் தள்ளுவாள். தன் முன்னால் கிடப்பதைத் தானே தின்று முடிப்பவளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். கை பழகிய பழக்கம், என் பக்கத்தில் கிடந்த மிகப் பெரிய இறாலைக் கரண்டியால் தூக்கி வீட்டுக்காரியின் பக்கத்தில் வைத்தேன்.

அவள் அந்த இறாலைச் செத்த எலியைப்போலப் பார்த்தாள். பிறகு கரண்டி நுனியால் சோற்றில் ஒரு கோடு கிழித்து, "இது உன்னுடையது. இது என்னுடையது," என்றாள். ஒரே சட்டியில் எல்லையும் வேலியும்! வயல் வரம்புக்குச் சண்டை பிடிக்கிறவர்கள்கூடச் சோற்றில் வரம்பு கட்டுவதை நான் கண்டதில்லை.

அடுத்த நாளே பாடசாலைக்கு முறைப்பாடு போய்விட்டது. 'தான் தின்றதை மற்றவர் உணவில் போடுகிறாள்.' பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கண்ணைச் சுருக்கி, அனுதாபமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஒரு அறை விடலாம். மறுநாள் 'பண்பாட்டு உணர்திறன்' என்று ஒரு பாடம் நடத்தி, என் இறாலைப் படமாக வரைந்து திரையில் போட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

பருவம் முடியும் தறுவாயில் அதே மனிதர் வந்து, பண்பாட்டு மாலை நிகழ்ச்சியில் 'அந்த அழகான வழக்கத்தை' நான் செய்து காட்ட வேண்டும் என்றார். பாடத்தில் அருவருப்பாக இருந்தது விளம்பரத்தில் அழகாகிவிட்டது. பெண்களுக்கு வேறாக, ஆண்களுக்கு வேறாகத்தான் சஹன் வைப்போம் என்று சொன்னேன். "இங்கே எல்லாரும் சமம். பிரித்து உட்கார வைத்தால் வீட்டுக்காரியின் அறிக்கையில் அதையும் சேர்க்கச் சொல்ல வேண்டி வரும்," என்றார்.

பாதிப் புள்ளி. நான் கோழியோடு சோறாக்கித் தாலத்தில் கொட்டி, எனக்கு இரண்டு பக்கமும் பெண்கள் இருக்கும்படி பார்த்து உட்கார்ந்தேன். படம் எடுக்கும் நேரம் பார்த்து, குடித்துவிட்டு வந்திருந்த ஒரு பொடியன் இடையில் புகுந்து, என் தோளோடு தோள் இடித்துச் சோற்றுக்குள் கையை விட்டான். "சிரியுங்கள்!" என்று பொறுப்பாளர் கத்தினார். இறாலுக்கு வேலி போட்ட வீட்டுக்காரி, எட்டி என் பங்கில் ஒரு கோழித் துண்டை வைத்துவிட்டுக் கமெராவைப் பார்த்தாள். எனக்கு அதிகூடிய புள்ளி கிடைத்தது.

படம் பாடசாலையின் இணையப் பக்கத்தில் ஏறியது. அந்தப் பக்கத்தை வாப்பா ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நான் இருக்கும் படங்களையெல்லாம் குடும்ப வட்ஸ்அப்பில் போடுவார். இதையும் போட்டார். கீழே, "மாஷா அல்லாஹ், என்ட மகள் ஸ்பெயின்லயும் சஹன் வெச்சிட்டா" என்று எழுதியிருந்தார். பாவம், சஹனை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

பெரியவாப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிகூடக் குடிக்காமல், "உன்ட மகள்ட தோள்ல சாஞ்சிரிக்கிறவன் ஆரு?" என்று மட்டும் கேட்டாராம். வாப்பா படத்தை அழித்துவிட்டார். அன்றைக்குப் பிறகு என்னோடு தொலைபேசியில் ஸலாமுக்குப் பதில் சொல்வதோடு சரி.

நான் ஊர் வந்து சேர்ந்த சில நாளில் தங்கச்சிக்கு இடம் கிடைத்த செய்தி வந்தது. அவள் கேட்ட அதே மிருக வைத்தியம். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தே அதைக் கடத்திவிட்டார். எதிர்த்து நின்று மறுக்கவாவது ஒரு தைரியம் வேண்டும்.

"உங்களுக்கு வெக்கமா இல்லியா வாப்பா?" என்று கத்தினேன்.

"காக்காட முகத்தப் பாக்க ஏலாமக் கெடக்கு மகள்," என்றார். அண்ணன் காக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டம், மகளின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை.

தங்கச்சியின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பொறுப்பாளர் எப்படிப்பட்ட வேசக்காரன், வீட்டுக்காரி எவ்வளவு அற்பம், அந்தப் பொடியனைக் கண்டாலே எனக்கு எப்படிக் குமட்டும், பெரியவாப்பா எவ்வளவு பெரிய நடிகர். ஒருத்தரையும் விடவில்லை. அவள் உடுப்புகளை மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டே கேட்டாள். விடுதிக்கென்று வாங்கிய புது உடுப்புகள்.

"அவங்க ஒருத்தரையும் ஒரு மனுசராவே நான் மதிக்கல்ல, தெரியுமா உனக்கு?" என்றேன்.

"ஓம் ராத்தா," என்றாள். "அந்தப் படத்துல எல்லாரையும் விட நல்லாச் சிரிச்சது நீங்கதான்."

மிச்சமிருந்த உடுப்பையும் உள்ளே வைத்து அலுமாரியைச் சாத்தினாள்.