வடத்துக்கு நீண்ட கை

மதியத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் கண் சொக்கிவிடும். கால் தன் பாட்டுக்கு மிதிக்கும், ஊடிழையை இழுத்துக்கொண்டு நாடா தன் பாட்டுக்கு ஓடும். பெரிய காஞ்சிபுரத்து எங்கள் வீடு மெல்ல நகர்ந்து எங்கோ மிதந்து போவது போலிருக்கும். தம்பி கட்டுப்போட்ட கையோடு கப்பலிலிருந்து திரும்பிய பிறகு வந்த மயக்கம் இது.

எங்கள் தெருவில் கப்பல் வேலைக்குப் போன ஒரே ஆள் அவன்தான். "பட்டுல பொறந்துட்டு உப்புத் தண்ணிக்குப் போறான் பாரு" என்று தெருவே கிண்டல் செய்தது. நானும்தான்.

ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டும்போது வடம் அறுந்தது. மற்றவர்கள் எல்லோரும் விலகி ஓடினார்கள். இவன் கையை நீட்டினான். வேறு யாருக்குச் சொன்னாலும் இது விளங்காது, எங்கள் தெருவில் உடனே விளங்கும். இழை அறுந்தால் முனை நழுவும் முன் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். நடை பழகும்போதே எங்களுக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கம் அது. யோசிப்பதற்கு நேரமே இல்லை, கை தானாகப் போகும். பட்டிழைக்குப் போகிற கை அன்று வடத்துக்கும் போய்விட்டது. வடம் அடித்த அடியில் வலது கை விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை.

தானே கையை நீட்டினான், அவன் அலட்சியம்தான் காரணம் என்றார் கப்பல் முதலாளி. ஆள் அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார்கள் அவனைக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்ட சென்னை ஏஜென்டுகள். அதையெல்லாம் தம்பியும் நம்பினான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"அவங்க சொல்றது நெசந்தானேக்கா. நான்தானே நீட்னேன்."

"நீ நீட்ன, சரி. நைஞ்ச கயித்த யார்டா கட்டச் சொன்னது?" என்று கத்தினேன். வழக்குப் போட வைத்ததும் நான்தான்.

தீர்ப்பு நாளன்று தம்பியோடு போன பஸ்ஸில் பாதித் தூக்கத்திலேயே சென்னை வந்துவிட்டது. உயர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நல்ல காற்று. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதியது. எழுந்து நிற்கிறேனா, கனவில் நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீதிபதி இங்கிலீஷில் படித்ததை எங்கள் வக்கீலம்மா வெளியே வந்து தமிழில் சொன்னார்.

"பழைய வடத்த மாத்தாம விட்டது முதலாளியோட பொறுப்பு. ஆள அனுப்பினவங்களும் கை கழுவ முடியாது. நஷ்டஈடு ரெண்டு பேரும் தரணும்."

தம்பி நஷ்டஈட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"என் மேல தப்பில்லன்னு எழுதியிருக்குதாம்மா?"

"எழுதியிருக்குதுப்பா. அந்த நேரத்துல கை தானா நீண்டது குத்தமாகாதுன்னே எழுதியிருக்குது."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி, அதுவரை அவன் ஒரு தடவைகூட முனகியதில்லை. நெஞ்சழுத்தக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். தானே தேடிக்கொண்டதற்கு அழ உரிமையில்லை என்று இருந்திருக்கிறான், பாவி. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் தோளில் சாய்ந்தான்.

"வலிக்குதுக்கா" என்றான். "அன்னிலேர்ந்து வலிச்சுக்கினே இருக்குதுக்கா."