அழிக்க வழி வைக்காத குவோ டீச்சர்

மதியத் தூக்கத்துக்கு மணி அடித்ததும் பள்ளிக்கூடமே தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். அறுநூறு பிள்ளைகள் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்க, ஆசிரியர் அறையில் நாங்களும் குட்டித் தலையணைகளில் முகத்தைப் புதைப்போம். குவோ டீச்சர் அப்போதுதான் மடிக்கணினியைத் திறப்பார். வலது ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் தட்டுவார். எங்கோ ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய்த் திரை சிவந்ததும், "ஏன்மா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?" என்று அதனிடமே கேட்பார். பக்கத்து மேசையில் பூகோளப் பாடக்காரியான எனக்கு மதியத் தூக்கம் போய் ஒரு வருஷம் ஆகிறது.

குவோ லி-யுன், நாற்பத்தாறு வயது, தோங்காங் என்ற துறைமுக ஊரில் எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியை. நகக்கண்களில் எந்த நாளும் ஏதோ ஒரு வண்ணம் காய்ந்திருக்கும். பேருந்து அட்டையைத் தேய்க்கும்போதுகூட அது ஏற்றுக்கொண்டதா என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அப்படிப்பட்டவர் நிரல் எழுதக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு தேநீர்க் கோப்பை.

போன வருஷம் கடைத்தெருவில் ஒரு கடையின் காகிதக் கோப்பையில் திமிங்கிலம் ஒன்று வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எங்கள் கண்காட்சிக்கு வரைந்த திமிங்கிலம். யாரும் அனுமதி கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. அவள் அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து டீச்சர் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்தது. பிளாக்செயின் என்ற இணைய ஏட்டில் பதிந்துவிட்டால் ஒரு படத்தை வரைந்தது யார் என்பதை எவராலும் மாற்ற முடியாது என்று யாரோ சொன்னார்கள். அடுத்த வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற நிரலை எழுத வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். கணினிப் பாடம் எடுக்கும் லியாவ் சாரை மாடிப்படியில் மடக்குவார்.

"சார், இது எந்த மெஷின்ல ஓடுது?"

"எல்லா மெஷின்லயும் ஓடுது டீச்சர்."

"நம்ம மெஷின்ல?"

"நம்ம மெஷின்ல ஓடல."

"எல்லா மெஷின்லயும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

லியாவ் சார் மறுநாளிலிருந்து வேறு படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். டீச்சருக்கு உண்மையிலேயே அவசரமான சந்தேகம் அது. எங்கள் ஊரில் வங்கியானாலும் ஆஸ்பத்திரியானாலும் இயந்திரத்தின் தலையில் பச்சை நிறச் சோளநொறுக்குப் பொட்டலம் ஒன்று இருக்கும். இருந்தால்தான் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும். தேதி தாண்டாத பச்சைப் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். "எல்லா மெஷின்லயும் ஓடுதுன்னா இத எது மேல வைக்கிறது?" என்று என்னைக் கேட்டார். நான் பிரித்துத் தின்றுவிடலாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மாதிரி நிரல் ஒன்றைக் கறுப்பு மையில் தூரிகையால் நோட்டில் பார்த்து எழுதினார். புரியாத வரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூனை வரைந்தார். மூன்றாம் பக்கத்தில் பூனைகள்தான் அதிகம். அவருக்குச் சந்தேகமில்லாமல் புரிந்த இடம் ஒன்றே ஒன்று. பதிந்த படத்தை எரித்துவிடுவது, அதாவது பதிவையே அழிப்பது என்று அதில் ஒரு பகுதி இருந்தது.

"பிள்ளைங்க படத்த எவன் எரிக்கிறது?" என்று அந்த வரிகளை அப்படியே தூக்கிவிட்டார். இந்த வருஷக் கண்காட்சிக்கு மொத்தம் இருபத்தேழு படம்தான், அதற்கு மேல் ஒன்றுகூட ஏறக் கூடாது என்றும் ஒரு வரி போட்டார். ஒருவர் தன் படத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் பகுதியை மட்டும் விட்டுவைத்தார். பட்டமளிப்பு முடிந்ததும் பிள்ளைகள் தோழிகளுக்குப் படம் கொடுப்பது வழக்கம். மறு பேச்சில்லாமல் அவர் ஒரு முடிவெடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நன்றாகச் செய்தீர்கள் என்று நானும் தட்டிக்கொடுத்தேன்.

இரண்டு மாதம் பரிசோதனை ஏட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, மே மாதம் ஒரு வியாழன் மதியம், நிஜ ஏட்டில் இருபத்தேழையும் ஏற்றினார். ஏறிவிட்டது. தூங்குகிறவர்கள் நடுவில் எழுந்து நின்று, சத்தம் வராமல் கைதட்டினார்.

மறுநாள் கூடத்தில் ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் கியூஆர் கட்டக் குறியீட்டை ஒட்டினோம். போனைக் காட்டினால் ஏட்டில் உள்ள பதிவு தெரியும். சென் யூ-ஹான் என்ற பிள்ளை தன் படத்துக்குப் பக்கத்தில் போனைக் காட்டிப் பார்த்தாள். பிறகு வந்து டீச்சரின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், என் பழைய பேரு போட்டிருக்கீங்க."

போன இலையுதிர் காலத்தில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வரைந்த படம் அது. ஜன்னல், மருந்து சொட்டும் கம்பி, தூரத்தில் ஒரு படகு. படத்தின் பின்னால் அன்றைய பெயரைத்தான் எழுதியிருந்தாள். பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா சோசியரிடம் போய், பெயரில் உள்ள எழுத்துகளின் கோடுகளை எண்ணி ராசி பார்த்து, பெயரையே மாற்றிவிட்டார். எங்கள் ஊரில் இது புதிதில்லை. குவோ டீச்சரே ஒருமுறை பெயர் மாற்றியவர்தான். அது தெரிந்தும் படத்தின் முதுகைப் பார்த்துப் பெயரை ஏற்றியிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் ஆத்திரம் போய்விட்டது. அந்தப் பழைய பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை கண்காட்சித் திறப்புக்கு அரைமணி இருக்கும்போது யூ-ஹானோடு அவள் அம்மா வந்தார். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவர், ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்திருந்தார்.

"அழியுமா, அழியாதா?"

"புதுசா வேற கான்ட்ராக்டே ஒண்ணு எழுதலாம், அதுல சரியான பேரு…"

"டீச்சர், பழசு அழியுமா?"

"அழியாது," என்றார் குவோ டீச்சர். "அழிக்கிற வழிய நான்தான் எடுத்துட்டேன். யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு."

"அந்தப் பேர்ல இவ செத்துப் பொழச்சிருக்கா. படத்த எறக்கிடுங்க. நான் கொண்டுபோய்த் தூக்கிப் போட்டுடறேன்."

"அம்மா, அது நான் வரைஞ்சது," என்றாள் யூ-ஹான்.

"வரைஞ்சது நீ இல்ல. அவ."

டீச்சர் திரையைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், என்னைப் பார்த்தார். என்னிடம் என்ன இருக்கிறது, எனக்கு மலைகளும் ஆறுகளும்தான் தெரியும்.

யூ-ஹான்தான் கேட்டாள். "ஒருத்தர் இன்னொருத்தருக்குக் குடுக்கறதுன்னு ஒண்ணு சொன்னீங்களே. அது வேலை செய்யுமா?"

"செய்யும்னுதான் நெனைக்கிறேன்."

"அப்ப அவ எனக்குக் குடுத்துடட்டும்."

அம்மா பூட்ஸைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "குடுத்துட்டுப் போயிடுவாளா?" என்றார்.

குவோ டீச்சர் என் பக்கம் திரும்பினார். ஏட்டில் அந்தப் பெயர் எங்கேயும் போகாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"போயிடுவா," என்று நான் சொன்னேன். சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

டீச்சர் ஒற்றை விரலால் தட்டினார். கொடுப்பவர் இடத்தில் பழைய பெயர், வாங்குபவர் இடத்தில் புதுப்பெயர், ஒவ்வொரு எழுத்தையும் யூ-ஹானிடம் காட்டிக் காட்டி. பொத்தானை அழுத்திவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். திரையில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். யூ-ஹான் யாரிடமிருந்து எதை வாங்கினாலும் வாங்குகிறபடியே, தலையைச் சற்றுக் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். டீச்சர் திரையைப் பார்த்தார், அந்தக் கைகளைப் பார்த்தார். அதற்குள் தலைமையாசிரியர் விருந்தாளிகளோடு வாசலுக்கு வந்துவிட்டார். டீச்சர் நேரே சுவருக்குப் போய், படத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்து, இரண்டு கைகளாலும் அவளிடம் கொடுத்தார்.