கடைசித் தட்டு

அந்தப் புனிதர் மட்டும் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடுவாள் சமையல்காரி. ஒரு சின்னக் கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாராம், கூடை குறையவே இல்லையாம். சரி, நல்ல விஷயம்தான். அவர் பாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இங்கே அவதிப்படுவது யார்?

மாணவியர் விடுதியின் சமையலறை அவள் பொறுப்பு. கூடவே மகளுக்கும் அங்கேயே தங்கிப் படிக்க இடம் கொடுத்திருந்தார்கள். வந்த புதிதில் எவளோ ஒருத்தி, "சமையல்காரி மகளுக்கு என்ன குறைச்சல்" என்று வாய்விட, அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து மகள் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும் என்று அவளே சட்டம் போட்டாள். வாரநாட்களில் வம்பில்லை. கரண்டி அவள் கையில் இருக்கும், கடைசித் தட்டு வரைக்கும் கணக்காக வரும்.

ஞாயிற்றுக்கிழமைதான் தலைவலி. அன்று விடுதித் தலைவி சிஸ்டரே பரிமாறுவார். தங்கமான மனுஷி, ஆனால் கை தாராளம். முதலில் அந்தப் புனிதரின் கூடைக் கதை சொல்வார், பிறகு தட்டு வழிய வழிய சூப்பு. கடைசி ஒரு தட்டுக்கு மட்டும் சூப்பு இருக்காது. மகள் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து இவளுக்கு வயிறு எரியும்.

சும்மா இருந்தாளா? நானே பரிமாறுகிறேன் என்று கேட்டாள், சிஸ்டர் சிரித்தார். பயறு கூட ஒரு படி வேண்டும் என்றாள், விசுவாசம் வேண்டும் என்றார். ஒரு கிண்ணம் சூப்பை அலமாரியில் ஒளித்து வைத்தாள். சிஸ்டர் அதையும் கண்டுபிடித்து, எதற்கு இந்தப் பதுக்கல் என்று எடுத்துப் போய் ஊற்றினார். என் பிள்ளைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் போட்ட சட்டம் அவள் வாயையே அடைத்தது. சீ, என்ன பிழைப்பு இது என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

அதன் பிறகு சில வாரங்களாக ஓர் அதிசயம். அதே பயறு, அதே அண்டா, ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் போதுமாக இருந்தது. கூடத்தை எட்டிப் பார்க்காமல் அடுப்படியில் நின்றபடியே சிஸ்டரின் குதூகலத்தைக் கேட்பாள். ஒருவேளை நிஜமாகத்தான் இருக்குமோ என்று அவளுக்கே சபலம் தட்டியது.

இந்த ஞாயிறு கடைசித் தட்டுக்கும் ஊற்றிவிட்டு, சிஸ்டர் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"அந்தப் புனிதர் செஞ்ச அதே புதுமை நம்ம விடுதியிலயும் நடக்குது. இனிமே தினமும் நானே பரிமாறப் போறேன்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். சமையல்காரி எட்டிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் நின்றது வேறு யாரோ. மகளைக் காணோம்.

தேடிப் போனபோது மகள் பின்கட்டுக் குழாயடியில் இருந்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிட வரலையா?"

"ஞாயித்துக்கிழமை நான் வரிசையில நிக்கிறதே இல்லம்மா. நான் நின்னா அண்டா காலியாயிருக்கும். சிஸ்டர் முகம் வாடிப்போகும். நீ அங்கேருந்து என்னையே பாத்துட்டு நிப்ப." தேய்த்த தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே தினமும் சிஸ்டர்தானாம்மா?"

யார் மேல் கோபம் என்று சமையல்காரிக்குப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. புனிதர் மேல், சிஸ்டர் மேல், எல்லாரையும்விடத் தன் மேல். ஈரம் சொட்டும் தட்டு ஒன்றை எடுத்து மகள் கையில் திணித்தாள். மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

"சிஸ்டர், இன்னும் ஒரு ஆளு பாக்கி. என் மக."

சிஸ்டர் சிரித்த முகத்தோடு கரண்டியை அண்டாவுக்குள் விட்டார். அது அடியைச் சுரண்டியது. கூடம் முழுக்கக் கேட்டது. சிஸ்டர் இன்னொரு முறை சுரண்டிப் பார்த்தார். மகள் சொன்னது போலவே அவர் முகம் வாடியது.

"போதும்மா, விடும்மா," என்று மகள் கையை இழுத்தாள்.

"போதாதுடி," என்றாள் சமையல்காரி. மகளின் கையோடு தட்டையும் சேர்த்துப் பிடித்து நீட்டியபடியே நின்றாள்.