இருங்கோ

எண்பதுகளின் கடைசியில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலையில் இருந்தேன். சாப்பாட்டு வேளையில் பின்பக்கக் காலியிடத்தில் வாலிபால் ஆடுவோம். ஸ்மாஷ் அடிக்க என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அப்போது இலங்கையிலிருந்து வந்த ஒருவர் செக்கிங்கில் சேர்ந்தார். அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் வருவார். குண்டுவீச்சில் இடது கால் முழங்காலோடு போயிருந்தது, ஊன்றுகோல்தான் துணை. பாவம் என்று ஒரு விசிலைக் கொடுத்து அவரை அம்பயர் ஆக்கினோம். எங்கள் நல்ல மனசை நினைத்து எங்களுக்கே பெருமை தாங்கவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, விசிலை என் கையில் திருப்பி வைத்தார்.

"திங்கள் தொடக்கம் நான் வேலைக்கு வரமாட்டன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, உங்கள மரியாதையாத்தானுங்க வெச்சிருக்கறோம்?"

"வேலை நல்லம். இந்த அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிக்கிறதுதான் ஏலாமக் கிடக்கு. ஊரிலை நானும் விளையாடினனான். மரியாதை வேண்டாம், பந்தைத் தாங்கோ."

இவர் எப்படி ஆடுவார்? நான் வாயைத் திறப்பதற்குள் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் இருங்கோ, விளையாடுவம்."

சரி, ஏதோ தயாராகிறார் போல என்று நாங்கள் நின்றபடியே காத்திருந்தோம்.

"ஏன் நிக்கிறியள்? இருங்கோ!"

"இருக்கறமுங்க!"

"எங்கை இருக்கிறியள்? நிக்கிறியள்!"

செக்கிங்கில் அவர் பக்கத்து மேஜை அக்கா சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உக்காரச் சொல்றாருங்க! அவங்க ஊருல இருங்கன்னா உக்காருங்கன்னு அர்த்தமாமுங்க."

அட, இதைச் சொல்லக் கூடாதா! வலையைக் கீழே இறக்கிக் கட்டி எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பந்துகூடச் சிக்கவில்லை. குதிக்காமல் ஸ்மாஷ் அடிப்பது எப்படி? பந்து வலப்பக்கம் போனால் நான் இடப்பக்கம் உருண்டேன். அவரோ கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து, மூலைக்கு மூலை பந்தைப் போட்டு என்னை மண்ணில் புரட்டினார். ஈவு இரக்கமே இல்லை. மொத்தக் கம்பெனியும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அன்று முழுக்க உர்ரென்று இருந்தேன். திங்கட்கிழமை வருவீர்களா என்று கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் மேஜை காலியாகக் கிடந்தது. கட்டிங்கிலிருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். மத்தியானம் சங்கு ஊதியதும், யாரும் சொல்லாமலே வலையைத் தாழக் கட்டி உட்கார்ந்தோம். என் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருந்தோம்.

கேட் பக்கம் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. முகாமில் ஆள் எண்ணி முடிக்க நேரமாகிவிட்டதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இருங்க, இருங்க!" என்று கத்தினேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை மாதத்தில் எங்கள் பேச்சைப் பழகியிருந்தார். முகம் சுருங்க, விசிலுக்காகக் கையை நீட்டினார். "நிக்கட்டோ?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பக்கத்து மண்ணைத் தட்டிக் காட்டினேன்.

"ஐயோ, எங்க ஊரு இருங்க இல்லீங்க. உங்க ஊரு இருங்கோ!"