இரண்டு கொப்பிகளில் ஒரே பந்தி

1. தெரியாததைத் தெரியும் என்றது

வாசுகி முதல் தடவை தொலைபேசி எடுத்தபோது நான் குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன்.

"ரீச்சர், நீங்கள் ஊரில ஏ.எல். பிள்ளையளுக்கு வரலாறு படிப்பிச்சனீங்கள்தானே?"

"ஓம், சொல்லுங்கோ."

"என்ர மகள் மதுரி இந்த வருசம் இயர் டுவெல்வ். ரெவலூஷன்ஸ் எண்டொரு பாடம் எடுக்கிறாள். அதில அமெரிக்காவின்ர புரட்சி வருதாம். உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஏன் தெரியாது?" என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பொஸ்டன் துறைமுகத்தில் யாரோ தேயிலையைக் கடலில் கொட்டினார்கள் என்பது மட்டும்தான். ஆனால் இருபது வருடம் யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவளுக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் கருவாடு கருகிக் கிடந்தது. அடுத்த நாளே நூலகத்துக்குப் போய், இரவல் தரக்கூடிய அளவுக்குப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு கிழமை சமைக்கவும் மறந்து படித்தேன். பாணும் சம்பலும்தான் சாப்பாடு. பத்திரிகைக்கும் பத்திரங்களுக்கும் பிரிட்டன் வரி போட்ட முத்திரைச் சட்டத்தை, தபால் முத்திரைக்கு வரி போட்டது என்று அதுவரை நினைத்திருந்தவள் நான். இதை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன்.

வாசுகியின் வீடு நோபல் பார்க்கில், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன யுனிட். தாயும் மகளும் மட்டும். டண்டினோங்கில் கோழியை வெட்டிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வாசுகிக்கு வேலை. ஞாயிறு காலை பத்து மணிக்கு, அவர்களின் சாப்பாட்டு மேசையில் வகுப்பு. முதல் நாளே வாசுகி விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"ரீச்சர், எங்களுக்கு இன்னும் பிரிட்ஜிங் விசாதான், நிரந்தர விசா கிடைக்கேல்ல. இவள் ஒன்பது வயசில வந்தவள், எண்டாலும் யூனிக்குப் போறதெண்டா வெளிநாட்டுப் பிள்ளை மாதிரித்தான் ஃபீஸ் கட்டவேணும். எங்களால ஏலாது. எங்களைப்போல ஆக்களுக்கெண்டு ஒரு ஸ்கொலசிப் இருக்கு. நல்ல மார்க்ஸ் வேணும், பள்ளிக்கூடத்தில இருந்து நல்ல கடிதமும் வேணும். அது கிடைச்சாப் படிப்பாள். கிடைக்காட்டி என்னோட கோழி வெட்ட வரவேண்டியதுதான்."

மதுரி தாயைப் பார்த்து, "அம்மா, ஸ்டாப்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அந்தப் பிள்ளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

2. ரீச்சரின் நோட்ஸ்

ஊரில் என் ரியூசன் கொட்டிலில் ஒரு வகுப்புக்கு எண்பது பேர் இருப்பார்கள். நான் நோட்ஸ் சொல்வேன், எண்பது பேனைகளும் ஓடும். கமா எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதுகூட என் வாயிலிருந்துதான் வரும். பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டு போய்ப் பரீட்சையில் அப்படியே இறக்குவார்கள். எண்பது பேரும் ஒரே பந்தியை எழுதினால் எண்பது பேருக்கும் புள்ளி விழும். அப்படி விழுந்தால் அந்த ரியூசனுக்கு அடுத்த வருடம் நூற்றியிருபது பேர் வருவார்கள். 'சாந்தா ரீச்சரின்ர நோட்ஸ்' என்றால் அங்கே ஒரு மரியாதை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதே வழியில்தான் மதுரிக்கும் படிப்பித்தேன், ஆங்கிலத்தில். எதிரில் ஒரே ஒரு பிள்ளை இருக்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எண்பது பேருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னேன். பக்கத்து யுனிட்காரருக்கும் அந்த வருடம் அமெரிக்க வரலாறு நன்றாகத் தெரிந்திருக்கும்.

மதுரி இடையில் பேனையை நிறுத்துவாள்.

"ரீச்சர், அவையள் ஏன் முதல்லயே சண்டைக்குப் போகேல்ல? பத்து வருசமா கடிதம்தானே எழுதிக்கொண்டிருந்தவை?"

"முதல்ல எழுது. பிறகு யோசி."

எழுதுவாள். அந்தப் 'பிறகு' ஒரு நாளும் வரவில்லை.

பொஸ்டன் தேயிலையைப் பற்றி நான் கொடுத்த பந்தியை இப்போதும் பார்க்காமல் சொல்வேன். "கடலில் விழுந்தது தேயிலை, அதோடு மூழ்கியது ஒரு பேரரசின் மரியாதை" என்று தொடங்கும். பட்டிமன்றக்காரி போல் எழுதி, ஆங்கிலத்துக்கு மாற்றி, என்னை நானே மெச்சிக்கொண்டேன். "இதுதான் என்ர பெஸ்ட்" என்று மதுரியிடம் சொல்லவும் செய்தேன்.

அவள் முதல் தேர்வில் நல்ல புள்ளி எடுத்தாள். வாசுகி ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சிக் கொடுத்துவிட்டாள். அந்தப் புகழ் நோபல் பார்க்கைத் தாண்டிப் போய், சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்று ரெபெக்கா என்ற மகளை என்னிடம் விட்டது. செவ்வாய் மாலையில் ரெபெக்கா. மதுரியும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அது எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் அதே பந்தியைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு பேரும் நல்லாய் எழுதினால் நல்லதுதானே என்றுதான் நினைத்தேன்.

3. ஒரு புதன்கிழமை

பள்ளிக்கூடத்திலேயே வைத்து எழுதுவிக்கிற தேர்வை இங்கே சாக் என்பார்கள். கடைசிப் புள்ளியில் அதுவும் சேரும். இரண்டாவது சாக் முடிந்த அடுத்த கிழமை, புதன்கிழமை காலை, வாசுகி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள்.

"ரீச்சர், இவள் என்ர மானத்தை வாங்கிப்போட்டாள். முன்னுக்கு இருந்த பிள்ளையைப் பாத்துக் கொப்பி அடிச்சவளாம். பள்ளிக்கூடத்தில கூப்பிட்டுச் சொன்னவை."

"மதுரியோ? இருக்காது."

"ஒரு பந்தி அப்பிடியே இருக்காம் ரீச்சர், ஒரு சொல் பிசகாமல். தேயிலையோட மரியாதையும் தாண்டுபோச்சுதெண்டு ஏதோ வருதாம்."

அது என் பந்தி.

"மற்றப் பிள்ளை தன்ர நோட்ஸ் கொப்பியைக் காட்டியிருக்கு, தான் வீட்டில பாடமாக்கினதெண்டு. இவள் வாயே திறக்கேல்லையாம். சைபர் போடப்போகினம். ஃபைல்லயும் எழுதுவினமாம். ரீச்சர், அது இமிக்ரேஷனுக்குப் போகுமோ?"

"போகாது" என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் ஃபைல் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்த பயம் எனக்குத் தெரியும்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பகல் முழுக்க நான் ஒன்றும் செய்யவில்லை. அப்போது என்னிடம் ஒன்பது பிள்ளைகள் படித்தார்கள். சாந்தா ரீச்சர் பிள்ளைகளைச் சாக்கில் மாட்டிவிட்டாள் என்று கதை பரவினால் யார் வருவார்கள்? மதுரி வாய் திறக்கவில்லை, ரெபெக்காவுக்கும் மதுரி என் மாணவி என்று தெரியாது. நான் பேசாமல் இருந்தால் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. இப்படியெல்லாம் யோசித்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

பின்னேரம் எழும்பி வாசுகி வீட்டுக்கு நடந்தேன். வாசுகி வேலைக்குப் போய்விட்டாள். மதுரி கதவைத் திறந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"பிள்ளை, உன்ர கொப்பி ஸ்கூல் பாக்குக்குள்ளதானே இருந்தது? அதிலயும் அதே பந்தி இருக்கு. காட்டியிருந்தா நீ கொப்பி அடிக்கேல்லையெண்டு தெரிஞ்சிருக்கும். ஏன் காட்டேல்ல?"

கதிரையின் முதுகைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"ரெபெக்காவின்ர எஸ்ஸேயைப் பாத்தவுடன எனக்கு விளங்கிட்டுது ரீச்சர். என்ர கொப்பியையும் காட்டினா உங்களைத்தான் பிழை சொல்லுவினம். பிறகு ஒருத்தரும் உங்களிட்டப் பிள்ளையளை விடமாட்டினம்."

பதினேழு வயதுப் பிள்ளை. தன் படிப்பைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். நானோ காலையிலிருந்து என் பெயரை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

4. பள்ளிக்கூடத்தில்

அடுத்த நாள் காலை வாசுகியும் மதுரியும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வழியில் வாசுகிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. மகளின் கையைப் பிடித்தவள் பள்ளிக்கூட வாசல் வரை விடவேயில்லை.

வரலாற்று ஆசிரியை என் மகள் வயதிருப்பாள். இரண்டு பிள்ளைகளும் என் மாணவிகள் என்றும், அந்தப் பந்தி முழுக்க என்னுடையது என்றும், எங்கள் ஊரில் இப்படித்தான் படிப்பிப்போம் என்றும் சொன்னேன். என்னுடைய மூல நோட்ஸ் கொப்பியையும் மதுரியின் கொப்பியையும் மேசையில் வைத்தேன்.

அவள் பொறுமையாக வாசித்தாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: "இது நல்ல பந்தி. ஆனால் மதுரி என்ன நினைக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

இருபது வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

கொப்பி அடித்தாள் என்ற பேச்சு அன்றோடு போயிற்று. ஃபைலில் எழுதமாட்டோம் என்றார்கள். ஆனால் இரண்டு பேரின் புள்ளிகளையும் ரத்துச் செய்துவிட்டு, ஒரு கிழமைக்குள் புதுக் கேள்விக்குத் திரும்ப எழுதவேண்டும் என்றார்கள். மனப்பாடம் செய்த பந்தி எதுவும் உள்ளே வரக்கூடாது. அது நியாயம்தான்.

5. ஏழு நாட்கள்

ரெபெக்காவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் வீட்டார் வேறு ரியூட்டரைப் பிடித்துக்கொண்டார்கள். அதையும் குறை சொல்ல முடியாது.

மதுரியோடு அந்த ஏழு நாளும் இருந்தேன். முதல் நாள் கொப்பியை மூடச் சொன்னேன்.

"இப்ப நீ சொல்லு. பொஸ்டன் சனம் ஏன் கோவப்பட்டது?"

"வரியால."

"அது நான் சொன்னது. நீ என்ன நினைக்கிறாய்?"

"எனக்குத் தெரியாது ரீச்சர். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நான் பேசாமல் இருந்தேன். எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது என்பது விரதம் இருப்பதைவிடக் கஷ்டம். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினேன். இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. வாசுகி குசினியிலிருந்து, "ரீச்சர், ஏதாவது சொல்லிக் குடுங்கோவன், நாள் போகுது" என்று கெஞ்சினாள்.

மூன்றாம் நாள் மதுரி தாயின் சம்பளச் சீட்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"அம்மாவும் ஒவ்வொரு கிழமையும் டக்ஸ் கட்டுறா. அம்மாக்கு வோட் இல்ல. எனக்கு டக்ஸுக்காகக் கோவம் வாறேல்ல ரீச்சர். எங்களைப் பற்றி முடிவெடுக்கேக்க எங்களிட்ட ஒருத்தரும் கேக்கிறேல்ல. அதுதான் கோவம். பொஸ்டன்ல இருந்தவைக்கும் அதுதானே? தேயிலை மலிஞ்சுதான் வந்தது. காசுக்கெண்டா ஏன் கொட்டவேணும்?"

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சரி" என்றேன். "ஆனா தங்களைக் கேக்கேல்லையெண்டு கத்தினவையின்ர வீடுகளில அடிமையள் இருந்தவை. அவையளை ஆர் கேட்டது?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதன்பின் நாங்கள் இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தோம். வெள்ளைக்காரப் பெண்களைக் கேட்டார்களா, நிலத்தைப் பறிகொடுத்த பூர்வகுடிகளைக் கேட்டார்களா, கேட்கப்படாதவன் மற்றவனைக் கேட்காமல் விடுவது எப்படி என்று அவளே புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி ஆதாரம் தேடினாள். "நோ, ரீச்சர், யூ ஆர் ரோங்" என்று மேசையில் தட்டினாள். என் ரியூசன் வாழ்க்கையில் ஒரு பிள்ளை என்னைப் பிழை என்று சொன்னது அன்றுதான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

6. கடைசியில்

புதுக் கட்டுரைக்கு முன்னதைவிட நாலு புள்ளி குறைவு. வசனங்கள் அங்கங்கே இடறின. வாசுகிக்கு மனம் ஆறவில்லை. "உங்கட நோட்ஸ் மாதிரி வருமோ ரீச்சர்" என்று என்னையே கேட்டாள். அந்த நாலு புள்ளியால் ஸ்கொலசிப் தட்டிப்போனால் என்ன செய்வது என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

இப்போது புதிதாக ரியூசன் சொல்லிக் கொடுக்கத் தொடங்குகிற இளம் பிள்ளைகள் சிலர் என்னிடம் நோட்ஸ் கேட்பதுண்டு. இல்லை என்பேன். ஒரே ஒரு பிள்ளை உங்கள் முன்னால் இருந்தால், அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் வர மூன்று நாளானாலும் காத்திருங்கள். நான் இதைப் படிக்க இருபது வருடமும் ஒரு பிள்ளையின் கண்ணீரும் செலவாயின.

அந்த வருடம் மதுரிக்குப் புள்ளிகள் போதுமாய் வந்தன; டிசம்பர் கடைசியில் ஸ்கொலசிப்புக்கு இன்டர்வியூ. ஜனவரியில் ஒருநாள் காலை வாசுகி தொலைபேசி எடுத்தாள். "கிடைச்சிட்டுது ரீச்சர்" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"ஒண்டு சொல்லவேணும், குறை நினைக்கக்கூடாது. ஆரைப் பாத்து நீ துணிவு படிச்சனியெண்டு இன்டர்வியூவில கேட்டவையாம். இவள் உங்கட பேரைச் சொல்லி, நடந்ததை எல்லாம் ஒண்டும் விடாமச் சொல்லிப்போட்டாளாம். ரீச்சர் ஒரு பிழை விட்டவா, பிறகு தானா வந்து என்ர பிழையெண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னவா, வளந்த ஆக்கள் அப்பிடிச் சொல்லி நான் முன்னம் கண்டதில்லை எண்டு. நான் வேண்டாமெண்டுதான் சொல்லி விட்டனான் ரீச்சர். கேக்காமச் சொல்லிப்போட்டாள்."

"சொல்லட்டும் வாசுகி" என்றேன். "தான் நினைச்சதைத்தானே சொல்லியிருக்கிறாள்."