பிள்ளையார் படத்து ஆணி

கொழும்பு வெள்ளவத்தையில் புது வீட்டுக்குக் குடிபுகுந்த மூன்றாம் வாரமே சாமியறைச் சுவர் ஈரமாகி ஊதத் தொடங்கியது. குழாய் பொருத்திய ரியாஸ் நானாவைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

"நீங்கள் போட்ட பைப் ஒழுகுது நானா! புது வீட்டைப் பாழாக்கிப் போட்டீங்கள்!"

உடனே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூட்ரைவரின் முனையைச் சுவரில் ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடினார். சாண் சாணாக நகர்ந்தவர் பிள்ளையார் படத்தருகே நின்றார்.

"இங்கதான் சத்தம். படத்த நீங்களே எடுங்க சேர்."

எடுத்தேன். மெயின் வால்வை மூடிவிட்டு ஆணியைப் பிடுங்கினார். குழாயில் மிஞ்சியிருந்த தண்ணீர் துளையிலிருந்து பீறிட்டது. குடிபூரலன்று, பால் காய்ச்சும் சுபநேரம் தப்பப்போகிறதென்ற அவசரத்தில், நானே அடித்த ஆணி அது.

மனைவி ஓடிவந்தாள். "ஆரின்ர பிழை நானா?"

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "பைப்புல சின்ன ஓட்ட, தங்கச்சி. சரியாக்கித் தாறன்."

அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. இப்போது படம் ஆணியில்லாமல் மேசையில் இருக்கிறது. கும்பிடக் கண்ணை மூடினால், சுவரைக் கேட்டபடி நிற்கும் அவர்தான் முதலில் தெரிகிறார்.